ஒரு போத்தல் தேனும் ஒரு சான்றிதழும்

தேனீ வளர்ப்பு எமக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. இச்சொல்லை எழுதும்போதே சிறிது கூச்சம் உண்டாகிறது. பொழுது போதவில்லையே என்று ஏங்குவோர் நிறைந்த ஊரிலே, பொழுதைப் போக்க வழி தேடுவோர் ஒரு சிலரே. மாதந்தோறும் ஓய்வூதியம், சொந்தமாக ஒரு வளவு, வளவுக்குள்ளே வேம்பும் முருங்கையும், வேலியிலே பூவரசும் முள்முருக்கும் இருந்தால்தான் நான்கு தேனீப் பெட்டிகளை வைத்து, மாலை வேளையில் அவற்றுக்கு முன்னால் சாய்மனைக் கதிரை போட்டு அமர முடியும். வேலணையில் எமக்கு இவை வாய்த்திருக்கின்றன. ஆகையால் சென்ற ஆனி மாதத்தில், யாழ்ப்பாண நகரில் நடைபெற்ற விவசாயக் கண்காட்சி ஒன்றின் தேன் பகுதிக்கு எமது தேனையும் கொண்டு சென்றோம். அந்த ஒரு நாளைப் பற்றியே எழுதப் புகுந்தோம். ஆனால் தேனீக்கள் எம்மிடம் வந்த கதையைச் சொல்லாமல் அந்த நாளைச் சொல்ல இயலாது.

1990 இல் தீவகத்தைவிட்டு ஓடியவர்களுள் நாமும் இருந்தோம். படகேறி இராமேசுவரம் சேர்ந்து, கடைசியில் குமரி மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் ஒதுங்கினோம். முகாமிலிருந்து கூலிவேலைக்குப் போகும் வழியெல்லாம் இறப்பர்த் தோட்டங்கள். தோட்டங்களின் நிழலிலே, காலில் நட்டு நிறுத்திய சிறு மரப்பெட்டிகள். மார்த்தாண்டத்துத் தேன் என்று பேர்பெற்ற தேன் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வருகிறது என்று அறிந்தபோது வியப்படைந்தோம். அதைவிட வியப்பு, அத்தேனிற் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று என்பது. இறப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில், இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசிகிறது. தேனீக்கள் அதைத்தான் அள்ளுகின்றன. தேன் என்றாலே மலரை நினைக்கும் எமது புலமைக்கு அது முதல் அடி.

அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அசையும் சட்டங்களைக் கொண்ட பெட்டியின் இரகசியம் வெற்று இடைவெளியில் இருக்கிறது. வதைக்கும் வதைக்கும் நடுவே தேனீ நடமாடப் போதிய அளவு வெளியை விட்டால் அது அவ்வெளியை அடைக்காது. கூடுதலாக விட்டால் அங்கேயும் வதை கட்டிவிடும். இதை 1851 இல் கண்டறிந்தவர் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத். எமது நாட்டுத் தேனீயோ ஐரோப்பியத் தேனீயிலும் உருவிற் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் அமைத்தவர் நியூட்டன் என்ற சேசுசபைத் துறவி. இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920 களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம், ஏழைக் குடியானவனும் வைத்திருக்கக்கூடிய பொருளாகத் தேனீப் பெட்டியைப் பரப்பியது. நிலமில்லாதவனும் தேனீ வளர்க்கலாம். ஏனெனில் தேனீ மேய்வது பிறர் நிலத்தில். இந்த ஒரு நியாயம் அன்றே எமது மனத்தைக் கவர்ந்தது.

நாம் போன ஆண்டில் பெட்டிகளைச் சுற்றி ஓயாத இரைச்சல். அடுத்த ஆண்டில் அவ்விரைச்சல் அடங்கிற்று. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியா முழுவதும் பரவிய ஒரு வைரசு நோய், புழுக்களை நீர் நிறைந்த பைகளாக மாற்றிக் கொன்றது. வரிசை வரிசையாகப் பெட்டிகள் வெறுமையாயின. சிலர் அவற்றைக் கோழிக்கூடாக்கினர். நோய்க்குத் தப்பிய சில குடும்பங்களிலிருந்து தேனீக்கள் மெல்ல மெல்லப் பெருகி, அத்தொழில் பின்னர் மீண்டது. அதற்குள் நாம் முகாம் மாறிவிட்டோம்.

2010 இல் வேலணைக்குத் திரும்பியபோது எமது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை. சுவர் அலுமாரி மட்டும் ஒருபுறக் கதவோடு நின்றது. அதனுள்ளே ஏழெட்டு வதைகள் தொங்கின. மனிதர் விட்டுப்போன இடத்தில் தேனீக்கள் குடியேறியிருந்தன. அவற்றை எரித்து அகற்றுவதென்று மண்ணெண்ணெயும் பந்தமுமாக நின்றோம். பனங்காணியால் நடந்துவந்த ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று, “மாஸ்ரர், மண்ணெண்ணெயை வையுங்கோ. பொழுதுபடட்டும், நான் எடுத்துத் தாறன்” என்றார்.

அவர் சீவல் தொழிலாளி. அப்போது அறுபது வயதைக் கடந்தவர். இடம்பெயர்வின் பாதையெல்லாம், 1995 இன் பெருநடை உட்பட, நடந்து முடித்து வன்னியிலிருந்து திரும்பியவர். அந்தி வேளையில் ஒரு காவோலையைப் புகைய விட்டு, மேற்சட்டைகூட இல்லாமல், பாளைக்கத்தியினால் வதைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். நாம் குமரி மாவட்டத்து நினைவிலிருந்து அளவு சொல்லித் தச்சரிடம் செய்வித்த பெட்டியின் சட்டங்களில், வாழைநாரினால் அவற்றைக் கட்டினார். இராணியை இரண்டு விரல்களுக்கிடையில் ஒரு பூவிதழைப்போலப் பிடித்து உள்ளே விட்டார். மீதிக் கூட்டம் தானாகவே தொடர்ந்தது. சட்டமும் அளவும் நாம் படித்து அறிந்தவை. தேனீயை அறிந்தவர் அவர்.

பனை ஏறுபவருக்குத் தேனீயைத் தெரியாமல் இருக்க முடியாது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கும் கருப்பநீரை நாடித் தேனீக்கள் கூட்டமாக வருகின்றன. பனஞ்சாற்றில் நூற்றுக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு பங்கு சீனி உண்டு. எந்தப் பூ அவ்வளவை ஒரே இடத்தில் வைத்துக் காத்திருக்கிறது? குடிக்க வருபவற்றிற் பல முட்டிக்குள் விழுந்து மாண்டுபோகும். எமது நண்பர் முட்டியை இறக்கியதும் முதலில் மிதக்கும் தேனீக்களை விரலால் அள்ளி ஓலையில் பரப்புவார். “காய்ஞ்சால் பறக்கும்” என்பார். பாதிக்கு மேல் பறந்துவிடும். நாம் பார்த்திருக்கிறோம்.

எமது பெட்டிகள் நிறைவது சித்திரை, வைகாசியில். வேம்பு பூக்கும் காலம் அது. பனை சீவும் காலமும் அதுவே. எமது தேனில் வேம்பின் இலேசான கைப்பு ஒன்று உண்டு. அதற்கு அடியிலே பனங்கட்டியை நினைவூட்டும் வேறொரு சுவையும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். “முட்டியிலை வந்து விழுறதெல்லாம் உங்கடை பெட்டி ஆக்கள்தான், மாஸ்ரர்.”

அன்றிலிருந்து பெட்டித் தேனில் அரைப்பங்கு அவருடையது என்று ஏற்பாடு. இதைத் தாராளம் என்று எவரும் எண்ண வேண்டா. கணக்குப் பார்த்தால் அவருக்குச் சேரவேண்டியது அரைப்பங்கிலும் கூடுதல்.

கண்காட்சி நாளுக்கு வருவோம். காலையில், குறிகட்டுவானிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். நயினாதீவுக்குப் போய்த் திரும்பும் அடியார்கள், மீன் பெட்டிகள், பாடசாலைப் பிள்ளைகள் என்று பஸ் நிறைந்திருந்தது. நண்பர் மடியிலே ஒரு கடதாசிப் பெட்டி. அதனுள்ளே துணி சுற்றிய ஆறு போத்தல்கள். எமது பேரன் கணினியில் அச்சிட்டு ஒட்டிய வண்ணச் சுட்டிகள் அவற்றில் மின்னின. பக்கத்து இருக்கையில் நெடுந்தீவிலிருந்து விடியற்காலைப் படகில் வந்த ஒரு தாய். அவரும் கண்காட்சிக்கே வருகிறார். அவர் கையில் ஒரு பழைய சாராயப் போத்தல். வாயை மெழுகுத் துணியால் கட்டியிருந்தார். கொம்புத்தேன். கல்வேலிகளை ஒட்டிய பற்றைகளில், சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை வதை கட்டும் சிறு தேனீயின் தேன் அது. பெட்டியில் அடங்காத இனம். துண்டைத் தொட்டு நாக்கில் வைத்த நண்பர், “இது எங்கடையிலும் திறம்” என்றார். எமக்குச் சற்று மனத்தாங்கல்தான். ஆனால் உண்மை அதுவே.

மண்டைதீவுச் சந்தி கழிந்து பண்ணைத் தாம்போதியில் பஸ் ஓடுகையில், இருபுறமும் பரவைக் கடல் வெயிலில் பளபளத்தது. இந்தத் தாம்போதியால் எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஒரு போத்தல் தேனுக்காகப் போனது அன்றுதான்.

கண்காட்சி ஒரு பாடசாலை மண்டபத்தில். தேன் பகுதிக்கு மூன்று மேசைகள். முதல் மேசையில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்துத் தேனீ வளர்ப்பு நிலையத்தின் கையேடுகள். நல்ல கையேடுகள், படங்கள் தெளிவானவை. ஆனால் அவ்வூரின் பெயரை ஒரு தமிழன் அமைதியாக வாசித்துவிட முடியுமா? 2000 ஒக்டோபர் 25 அன்று, அவ்வூரிலிருந்த புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களுள் 25 இற்கும் மேற்பட்டோர் வெளியிலிருந்து வந்த கும்பலால் கொல்லப்பட்டனர். தேனீ நிலையத்துக்கும் அக்கொடுமைக்கும் தொடர்பில்லை. அங்கே தேனீ வளர்க்கக் கற்பிப்பவர்கள் எவரும் எமக்குப் பகைவரல்லர். கையேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

வாசலில் பெயர் பதியும் இளைஞர் எம்மைக் கண்டதும் எழுந்து, “வாங்கோ சேர், இருங்கோ” என்று கதிரையை நகர்த்தினார். பின்னால் பெட்டியோடு வந்த நண்பரைப் பார்த்து, “அதை அந்த மூலையிலை வைச்சிட்டு வெளியிலை நில்லும்” என்றார். நண்பர் பெட்டியை மூலையில் வைத்தார். வெளியே போய் நின்றார். நாம் கதிரையில் அமர்ந்து படிவத்தை நிரப்பினோம்.

இந்த இடத்தை எழுதுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம் என்றுகூடச் சொல்லலாம். இளைஞர் கெட்டவரல்லர். அவருக்கு நண்பரின் சாதி தெரிந்திருக்க நியாயமில்லை. சாரம், வெயிலிற் கறுத்த தோள், தளைநார் தேய்த்த கால்கள், மடியில் சுமை என்பவற்றைப் பார்த்தார். கூலியாள் என்று கொண்டார். ஆனால் நாம் வாய் திறவாததற்கு என்ன காரணம்? “இவர்தான் தேனீ வளர்ப்பவர்” என்று மூன்று சொற்கள். நாற்பது ஆண்டு காலம் வகுப்பறையில் பேசிய வாய்க்கு மூன்று சொற்கள் வரவில்லை.

படிவத்தில் பெயர், முகவரி, பெட்டிகளின் தொகை, தேனின் மூலம் என்று நான்கு கோடுகள். பெயர் என்ற கோட்டில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. மூலம் என்ற கோட்டில் ‘வேம்பு, பனை’ என்று எழுதினோம். தேர்வாளர் அதை வாசித்து, “பனம்பூவா?” என்று கேட்டார். முட்டியைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, பேனாவால் அடித்து, ‘பலபூத் தேன்’ என்று திருத்தினார். உலக உணவு நியமத்தின்படி தேனென்பது பூவின் மதுவிலிருந்து மட்டுமன்றித் தாவரத்தின் உயிருள்ள பாகங்களின் சுரப்பிலிருந்தும் வரலாம். அப்படியானால் சீவிய பாளையின் சாறு சுரப்பா, அன்றா? தேனீ அச்சாற்றையும் தன் வயிற்றிலுள்ள நொதியினால் பிரித்து, சிறகடித்து நீர் வற்றச் செய்து, மெழுகால் மூடித்தானே வைக்கிறது? இது தீராத வாதம். தேர்வாளருக்கு நேரமும் இல்லை. ஆனால் அந்தப் பேனாக் கோடு பனையை மட்டும் அடித்ததன்று.

நெடுந்தீவுத் தாயின் போத்தல் மேசைக்கே வரவில்லை. நிறமற்ற கண்ணாடிப் போத்தல், குறித்த அளவு, சுட்டி என்பன நிபந்தனைகள். அவற்றை முன்கூட்டி அவருக்குச் சொன்னவர் எவருமில்லை. வாயிலில் நின்ற இரண்டு ஆசிரியைகள் அப்போத்தலை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டனர். அவர் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு முற்பகல் படகுக்குப் போய்விட்டார். அன்று கண்காட்சிக்கு வந்தவர்களுள் நிறைவோடு திரும்பியவர் அவர் ஒருவரே என்பது எமது எண்ணம்.

தேர்வு நடந்த விதத்தில் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு போத்தலிலிருந்தும் ஒரு துளியை ஒளிமுறிவுமானியின் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீரின் அளவைப் பார்த்தனர். நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் தேன் புளித்துவிடும். எமது தேன் இருபதுக்குச் சற்றுக் கீழே நின்றது. கடல்சூழ்ந்த ஈரக்காற்றில் இது எளிதன்று. வதையின் கண்ணறைகளைத் தேனீ முழுவதும் மூடும்வரை கத்தியைத் தொடவிடாமல் எம்மைத் தடுத்தவர் வெளியே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் அவருடைய அறிவு முழுவதும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. சுத்தமான தேனை நாய் நக்காது, எறும்பு மொய்க்காது, திரியில் தோய்த்துக் கொளுத்தினால் எரியும் என்றெல்லாம் அவர் நம்புகிறார். யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் நம்புகிறார்கள். இவற்றுள் ஒன்றும் தேறாது. அடியில் உறைந்து மணல்போலாகும் தேன் சீனி கலந்தது என்பதும் பிழை. தேனிலுள்ள குளுக்கோசு தானாகவே படிகமாகிறது. பனங்கட்டிப் பாகையும் சீனிப் பாகையும் தேனென்று விற்பவன், மக்களின் இந்த நம்பிக்கைகளை மக்களைவிட நன்றாக அறிந்தவன். ஆய்வுகூடமே அவனை மடக்கும். தீவகத்தில் அப்படியொன்று இல்லை.

நண்பகலில் கூட்டம். வணிகப் பெருமகனார் ஒருவர் தேனீயைப் புகழ்ந்து பேசினார். தேனீ ஓய்வதில்லை, முறையிடுவதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை, அரசியின் ஆணைக்கு அடங்கி உழைக்கிறது, எமது தொழிலாளரும் அவ்வாறு இருந்தால் நாடு முன்னேறும் என்றார். கைதட்டல் எழுந்தது. உழைப்பவனுக்கு விலங்குகளை முன்மாதிரி காட்டும் வழக்கம் உழைக்காதவர்களிடம் பழமையானது. ஆயினும் பெருமகனார் தேனீயைப் பற்றியாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். அரிஸ்டாட்டில் கூட்டின் தலைவனை ஆண் அரசன் என்று எண்ணினார். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான சுவாமர்டாம் அதை அறுத்துப் பார்த்து உள்ளே சூலகத்தைக் கண்டார். அரசன் அரசியானாள்; ஆனால் அவள் ஆள்வதில்லை. முட்டையிடுகிறாள். ஒரு கூட்டம் பிரிந்து புது இடம் தேடும்போது முடிவுசெய்பவை வேலைக்காரத் தேனீக்களே. ஒற்றர்கள் தாம் கண்ட பொந்தை நடனத்தால் அறிவிக்கின்றன. பிற தேனீக்கள் போய்ப் பார்த்து வந்து தாமும் ஆடுகின்றன. ஓரிடத்துக்கு ஆதரவு திரண்டபின்னரே கூட்டம் பறக்கிறது. அந்நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வொன் ஃபிரிஷ் 1973 இல் நோபல் பரிசு பெற்றார். மேலும், உணவு குறையும் காலத்தில் உழைக்காத ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் வாயிலுக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. இதைப் பெருமகனார் அறியாதிருந்தது அவருடைய நிம்மதிக்கு நல்லது.

மனிதனைத் தேனீயோடு ஒப்பிடுவதாயின் மார்க்சின் ஒப்புமையே மேல். தேனீயின் கண்ணறை கட்டடக் கலைஞர் பலரை வெட்கச்செய்யும். எனினும் மிக மட்டமான கட்டடக் கலைஞனும் கட்டுவதற்கு முன் மனத்திற் கட்டிப் பார்க்கிறான் என்ற கருத்தை அவர் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் சொல்லியிருக்கிறார். மனத்திற் கட்டிப் பார்ப்பவன்தான் முறையிடவும் செய்வான். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி மருத்துவமனைக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது, உயிரிழந்தோரும் உண்டு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும் பெருந்தேனீயை அங்கே குளவியென்றே சொல்வர். அந்தப் பெண்களிடம் போய்த் தேனீயைப்போல் இருங்கள் என்று பெருமகனார் சொல்வாரா?

பிற்பகலில் பரிசளிப்பு. எமது தேனுக்கு இரண்டாம் பரிசு. பெயரை வாசித்தார்கள், மேடையேறினோம், சான்றிதழை வாங்கினோம், படம் எடுத்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் மண்டபத்தின் திறந்த கதவும், அதற்கப்பால் பூவரச மரமும் தெரிந்தன. நண்பர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எமது தகப்பனார் காலத்துக் கிணறு இன்னும் வளவில் இருக்கிறது. அதன் கட்டில் ஏற அவருடைய தகப்பனாருக்கு அனுமதி இருக்கவில்லை. அவர் குடத்தோடு காத்து நிற்பார். எம்மவர் எவரேனும் அள்ளி ஊற்றுவர். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபின்னரும் அந்த வழக்கம் நின்றது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற தீண்டாமை ஒழிப்பு ஊர்வலத்திற் பொலிசாரிடம் அடிபட்டவர்களுள் எமது நண்பரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினேழு. இவ்வளவும் எமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கதிரையில் அமர்ந்து படிவம் நிரப்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் சான்றிதழை அவர் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வடிவாய் அடிச்சிருக்கிறாங்கள்” என்றார். காலையில் நடந்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார். “அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்? நீங்கள் சொல்லுவியள் எண்டு கொஞ்சநேரம் நிண்டு பாத்தனான்” என்றார். குரலில் கோபம் இல்லை. அல்லைப்பிட்டி வரும்வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வந்தார். நான்காவது பெட்டியில் இராணி முதிர்ந்துவிட்டது. புது இராணியறைகள் கட்டியிருக்கின்றன. இவ்வாரத்துக்குள் கூட்டம் பிரியும். வெறும் பெட்டி ஒன்று தயாராக இருக்கவேண்டும் என்றார். தச்சரிடம் சொல்லியனுப்பினோம். பின்னர் அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கென்று வாங்கிவந்த வெற்றுப் படிவத்தை எடுத்து, “அண்ணை, இதை உங்கடை பேரிலை நிரப்புவம். முழுப்பேரைச் சொல்லுங்கோ” என்றோம்.

“எந்தப் பேர், மாஸ்ரர்?” என்று கேட்டார். “அம்மா வைச்ச பேரோ, பதிவிலை கிடக்கிற பேரோ?”

அவருடைய பிறப்பைப் பதிந்தவர், உங்களுக்கு இவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று கேட்டு, பெயரின் பின்பாதியை எழுதாமல் விட்டுவிட்டாராம். பாடசாலையிலும், அடையாள அட்டையிலும், வன்னியின் நிவாரண அட்டைகளிலும் அந்த அரைப்பெயரே தொடர்ந்திருக்கிறது. தாய் வைத்த பெயரைச் சொல்லுமாறு கேட்டோம். சொன்னார். பதினைந்து ஆண்டுகளாக அவரோடு தேன் எடுக்கிறோம். அப்பெயரை அன்றுதான் கேட்டோம். கோட்டின் நீளம் போதவில்லை. மீதியைக் கீழே எழுதினோம்.